நாலரை மணிக்கு உதித்த சூரியன்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படுத்தாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. ஒரு சனிக்கிழமை நண்பகலில் சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது.

2. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு செயற்கைக்கோள் அந்த வெடிப்பின் எக்ஸ் கதிர்களை நேரடியாக அளந்தது.

3. செஞ்சியில், என் பொறுப்பிலிருந்த சிறிய நிலையத்தில், ஒரு பேனா முள் காகிதத்தின் மேல் சட்டென்று ஏறி, மெல்ல இறங்கியது.

4. சில மாதங்கள் கழித்து, செயற்கைக்கோளின் அளவுகள் தபாலில் சென்னைக்கு வந்து சேர்ந்தன.

5. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, செஞ்சியின் முள் சூரியனைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியிருந்தது.

6. செஞ்சி நிலையத்தை மூடிவிடலாம் என்று, சென்னையில் இந்த ஆராய்ச்சியை நடத்தும் என் பேராசிரியர் சொன்னார்.

சென்ற வாரம் இந்தத் தொடரை, நிலையத்து ரேடியோவுக்கு ஏரியல் கம்பம் நட்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிவிடச் சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறேன்.

பேராசிரியர் அறை

சென்னையில் அவருடைய அறைக்கு ஒரு வாசனை உண்டு. பழைய வார்னிஷும், சூடாகிப்போன வால்வு ரேடியோவும், ஆறிய காப்பியும் கலந்த வாசனை. சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துக் காகிதச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைவேன். முதல் பஸ்ஸில் செஞ்சியை விட்டுக் கிளம்பி, ஞாயிறு மாலை திரும்புவது என் வழக்கம்.

அன்று அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மேசைமேல் என்னுடைய தாள் ஒன்று விரிந்திருந்தது. அதன்மேல் செயற்கைக்கோளின் அளவுகளைப் பென்சிலால் வரைந்த மெல்லிய தாள். இரண்டு மேடுகள். ஒரே வடிவம். ஒன்று இடது பக்கம், மற்றது வலது பக்கம்.

"உங்க செஞ்சிக்கு மட்டும் சூரியன் முன்கூட்டியே தந்தி அடிக்கிறதா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"அவங்க நேரத்தை நம்ம நேரமா மாத்தினீங்களா? அஞ்சரை மணி கூட்டணும்."

"கூட்டினேன் சார். திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்."

"அப்ப இது பக்கத்து வயல் பம்புசெட்டு மோட்டார் போட்ட மேடு."

"பம்புசெட்டு இப்படி ஏறாது சார். சுவர் மாதிரி ஏறும், மேசை மாதிரி நிக்கும், சுவர் மாதிரி இறங்கும். இது ஏறினது ஒரு வேகம், இறங்கினது ஒரு வேகம்."

"வடிவம் எனக்கும் தெரியுது. நேரம் பொய்யா இருக்கறப்ப வடிவத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" தாளை என் பக்கம் தள்ளினார். "இந்த சீசன்ல ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்த பெரிய வெடிப்பு இது ஒண்ணுதான். இது போச்சுன்னா கட்டுரையில செஞ்சிக்கு இடமே இல்ல. பெட்டியைக் கட்டிடலாம். உங்களுக்குக் கவலை வேண்டாம், காலேஜ்ல டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை காலியா இருக்கு."

பத்து மாணவிகளுக்கு நடுவில் நின்று ஊசல் ஆடுவதை எண்ணச் சொல்லிக்கொடுக்கும் வேலை. நல்ல வேலைதான். எனக்கு அது வேண்டாம்.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்கிறேன். அப்புறம் மூடலாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

முள் எதைக் கேட்கிறது

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகிகள் சிலர், "இரவெல்லாம் விழித்து நட்சத்திரம் பார்ப்பீர்களா?" என்று கேட்டு எழுதுகிறார்கள். இல்லை. நான் வானத்தைப் பார்ப்பதே குறைவு. காகிதத்தைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் ரேடியோவில் பாட்டு வராது. எங்கேயோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கடலின்மேலும் காடுகளின்மேலும் மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் இரைச்சல் தரைக்கும் மேல்வானத்து மின்படலத்துக்கும் நடுவே மோதி மோதி நம்மிடம் வந்து சேர்கிறது. காதில் கேட்டால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல இருக்கும். அந்த இரைச்சல் எவ்வளவு என்பதை மட்டும் ஒரு பேனா முள் எழுதிக்கொண்டிருக்கும்.

சூரியனில் வெடிப்பு ஏற்பட்டால் எக்ஸ் கதிர்கள் வந்து அந்தப் படலத்தைக் கெட்டிப்படுத்துகின்றன. தூரத்து மின்னல்கள் பக்கத்தில் வந்தாற்போல ஆகிவிடும். முள் ஏறும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது செஞ்சி எதற்கு என்று கேட்கலாம். என் தம்பியே கேட்டான். செயற்கைக்கோள் பாதி நேரம் பூமியின் நிழலுக்குள் போய்விடுகிறது. மீதி நேரத்திலும், அதன் பேச்சைக் கேட்க ஏதாவது ஒரு நிலையத்துக்கு மேலே அது வரவேண்டும். அது பார்க்காத வேளைகளில் நாங்கள் பார்க்கிறோம். ஆனால் எங்கள் முள்ளின் பேச்சை மற்றவர்கள் நம்ப வேண்டுமென்றால், இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்த ஒரு வெடிப்பிலாவது இருவரும் ஒரே சாட்சி சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வெடிப்பில்தான் நாங்கள் ஒன்றரை மணி நேரம் முந்திக்கொண்டோம்.

ஏன் செஞ்சி

சென்னையில் மின்சார ரயிலும் தொழிற்சாலைகளும் போடும் கூச்சலில் மின்னல் கேட்காது. அதனால் ஊர் தேடினோம். பஸ் வசதியும் தபாலாபீஸும் இருக்கவேண்டும், மோட்டார் இருக்கக்கூடாது. செஞ்சிக்கு வெளியே, கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் பாறைகள் சரிந்து வயலில் முடியும் இடத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம் கிடைத்தது.

நாங்கள் வந்த வேளை, ஊருக்குக் கரண்டும் வந்தது. கரண்டின் பின்னால் பம்புசெட்டுகள் வந்தன. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஓடத் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது விடிவு. எனக்கு ஒவ்வொரு மோட்டாரும் காகிதத்தில் ஒரு மேசை.

நான் என்ன செய்கிறேன் என்பதில் கடைத்தெருவில் இரண்டு கட்சி இருந்தது. நான் நிலத்தடித் தண்ணீர் பார்க்க வந்தவள் என்பது ஒன்று. மழை எப்போது வரும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் என்னை "டீச்சரம்மா" என்றே அழைத்தன. படித்த பெண் தனியாக ஒரு ஊருக்கு வந்தால் வேறு என்னவாக இருக்க முடியும்?

நிலையத்தில் எனக்கு உதவி ஒரே ஒருவர், முருகேசன். நாற்பது வயதைத் தாண்டியவர். டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவர். கொட்டகை வேறு ஊருக்குப் பெயர்ந்தபோது, இவர் குடும்பத்தோடு செஞ்சியிலேயே தங்கிவிட்டார். படச்சுருளைக் கையாண்ட விரல்கள் என்பதால் காகிதம் கசங்காது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார், பேனாவில் மை நிரப்புவார், சாவி கொடுப்பார். சனி, ஞாயிறுகளில் நான் இல்லாதபோது நிலையம் அவருடையது.

எங்கள் வேலை முறை இது. ஓர் உருளை, கடிகாரச் சாவியால் ஓடுவது. நாளுக்கு ஒரு சுற்று. அதன்மேல் ஒரு தாளைச் சுற்றுவோம். தாளில் மணிக்கோடுகள் அச்சிட்டிருக்கும். காலை ஒன்பதில் தொடங்கி, மறுநாள் ஒன்பதில் முடியும். தினமும் காலை ஒன்பதுக்குப் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளைச் சுற்றி, ஒன்பது என்ற கோட்டில் முள்ளை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் தங்கியிருந்தது ஜெயா அக்கா வீட்டில். மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பம். மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம். அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு அடுப்பில் பூனை படுத்திருக்கும். முதல் வாரம் பசியோடு படுத்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து, மாலையில் சூரியன் எங்கே இருக்கிறது என்று அக்கா வீட்டுச் சமையலறைதான் எனக்குச் சொன்னது.

கூடத்தில் விரித்த தாள்கள்

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள், அந்தச் சனிக்கிழமைத் தாளை அக்கா வீட்டுக் கூடத்தில் விரித்து, நான்கு மூலையிலும் படிக்கல் வைத்தேன். முற்றத்தில் மணிலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் மண்வாசனை கூடம் வரை வந்தது.

சோதிக்க வேண்டியவற்றை ஒரு வரிசையாக வைத்துக்கொண்டேன். உருளைக் கடிகாரம் வேகமாக ஓடியதா? இல்லை; நான் இருக்கும் நாட்களில் அதன் வேகத்தை ரேடியோவின் நேர ஒலியோடு சரிபார்க்கிறேன். தாள் வழுக்கியதா? இல்லை, வழுக்கினால் கோடு முறியும். அது வேறொரு நாளின் தாளா? இல்லை, தேதி முருகேசன் கையெழுத்தில் இருந்தது.

இதுவரை நான் எந்தத் தாளையும் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரைதான் படிப்பேன். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் வெடிப்பின் தடம் தெளிவாக விழாது. மீதித் தாள் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அன்று மீதித் தாளையும் படித்தேன்.

இரவில் இரைச்சல் அதிகம். விடியும்போது சட்டென்று குறையும். எல்லாத் தாளிலும் ஆறு மணி வாக்கில் ஒரு பள்ளம் விழும். சூரியன் உதித்ததற்கு அது அடையாளம்.

இந்தத் தாளில் பள்ளம் நாலரை மணியில் இருந்தது.

அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். நாலரை. மாலைப் பக்கம் போனேன். சூரியன் மறையும்போது இரைச்சல் ஏறும் இடம், ஆறே காலுக்கு இருக்கவேண்டியது, நாலே முக்காலில் இருந்தது.

"இன்னாடி இது, கூடம் பூரா வேட்டி காயப் போட்டாப்ல?" ஜெயா அக்கா கூடையோடு வந்து நின்றார்.

"அக்கா, இந்தத் தாள்ல சூரியன் நாலரைக்கே உதிச்சிருக்கு. நாலே முக்காலுக்கு மறைஞ்சிருக்கு."

"நாலே முக்காலா? அப்ப அன்னிக்கு நாங்க மூணு மணிக்கே அடுப்ப அணைச்சிருக்கணுமே!" என்றார். "யாரும் சொல்லலியே எங்ககிட்ட."

சிரித்துக்கொண்டே கொட்டையைக் கிளறப் போய்விட்டார். நான் சிரிக்கவும் நேரமில்லாமல் மற்ற தாள்களை எடுத்து விரித்தேன். ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. வெடிப்பு பொய்யில்லை. அந்தத் தாளில் சூரியன் செய்த எல்லாமே ஒரே அளவு முந்தியிருக்கிறது. ஆகவே தாள்தான் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது.

ஏன்?

மற்ற சனிக்கிழமைகளை எடுத்தேன். எல்லாச் சனிக்கிழமைத் தாளிலும் விடியல் பள்ளம் நாலரைக்குப் பக்கத்தில். எல்லாச் சனிக்கிழமைத் தாளிலும் கடைசி ஒன்றரை மணி நேரம் வெறும் வெள்ளை. ஞாயிறு காலை முருகேசன் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துவிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைத் தாள்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தொடக்கத்தில் இரட்டைக் கோடு. மறுநாள் தாளை எடுக்கத் தாமதமானால், முள் சுற்றி வந்து முதல் நாள் கோட்டின்மேலேயே எழுதும். எப்போதாவது தாமதம் ஆவதுதான் என்று விட்டிருந்தேன். இப்போது அந்த இரட்டைக் கோடு எங்கே முடிகிறது என்று அளந்தேன். ஒன்பதில் தொடங்கி, பத்தரையில் முடிந்தது. ஒரு வெள்ளி தவறவில்லை.

வெள்ளிக்கிழமைத் தாளில் ஒன்றரை மணி நேரம் கூடுதல். சனிக்கிழமைத் தாளில் ஒன்றரை மணி நேரம் குறைவு. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை.

எந்தத் தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள் என்பதால் கொஞ்சம் நேரமாயிற்று. கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை எழுந்துபோய்ப் பார்த்தும் விட்டேன். ராகு காலம், சனி, 9 முதல் 10½.

ரீல் ஒன்று

முருகேசன் ஏரியல் கம்பியிலிருந்து அணில் கூடு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே இறங்கச் சொன்னேன்.

"முருகேசன், சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தாள் மாத்துவீங்க?"

"ஒம்போதுக்கு" என்றார். பிறகு, "தாளுல ஒம்போதுன்னுதான போட்டுக்குது" என்று சேர்த்துக்கொண்டார்.

"கடியாரத்துல எத்தனை இருக்கும்?"

"கடியாரத்துல பத்தரை."

"ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாம்மா இப்புடி கேக்கறீங்க? ராவுகாலம். அந்நேரத்துல யாராச்சும் புதுத்தாள் போடுவாங்களா? பழசு பாட்டுக்கு ஓடட்டும்னு வுட்டுடுவேன். முடிஞ்சதும் புதுசு."

"சரி. பத்தரைக்குப் போடறீங்க. அப்ப முள்ளைப் பத்தரைக் கோட்டுலதானே வைக்கணும்? ஏன் ஒன்பதுல வச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். கையிலிருந்த அணில் கூட்டைக் கீழே வைத்தார்.

"தாளு அங்கதானம்மா ஆரம்பிக்குது. கொட்டாயில கரண்டு போயி படம் லேட்டாச்சுன்னா, ரெண்டாவது ரீல்லருந்தா ஓட்டுவோம்? மொத ரீல்லருந்துதான் ஓட்டணும். இல்லன்னா தரை டிக்கெட்டு எந்திரிச்சு வந்து ஒதைப்பான்."

அவர் சொன்னதில் எங்கேயும் ஓட்டை இல்லை. படம் எப்போது தொடங்கினாலும் கதை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவருக்குத் தாள் என்பது ஒரு படம். அது ஒரு கடிகாரமும் கூட என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லையா? மழை, காய்ச்சல், மலையனூர்க் கோயில் அமாவாசை?"

"அமாவாசை சனிக்கெழமையில வந்தாகூட, பத்தரைக்கு தாளப் போட்டுட்டுதான் மலையனூரு ஸ்பெசல் பஸ்ஸே ஏறுவேன். கூட்டத்துல தொங்கிக்கினு போவேன். ராவுகாலத்த மீறுனதில்ல, பத்தரையத் தாண்டுனதும் இல்ல." நிறுத்தினார். "இன்னாத்துக்கு இத்தினி கேள்வி? வேலைக்கு வேட்டா?"

"தெரியல. வராமப் பார்க்கறேன்."

"எம் பொண்டாட்டி அப்பவே சொன்னா" என்றார். "ஆகாசத்தப் புடிக்கிற வேலையெல்லாம் நிலைக்காதுன்னு."

அவர் மறுபடியும் கம்பத்தில் ஏறவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் நான் கவலைப்படும்போது உட்காருவதில்லை, அளப்பேன். மீதமிருந்த வெள்ளி, சனித் தாள்கள் எல்லாவற்றையும் வாரம் முடிவதற்குள் அளந்து முடித்தேன். ஒவ்வொரு வாரத்துக்கும் மூன்று அளவு: வெள்ளியின் இரட்டைக் கோடு, சனியின் வெள்ளைப் பகுதி, விடியல் பள்ளம் நகர்ந்த தூரம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. சில நிமிட வித்தியாசம். அதற்குமேல் இல்லை.

மறுபடியும் சென்னை

சனிக்கிழமை. பேராசிரியர் மேசையிலிருந்த காப்பி டம்ளரை நானே எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, வெள்ளி, சனி இரண்டு தாள்களையும் விரித்தேன். காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ராகு காலமா?"

"ஆமாம் சார்."

"எக்ஸ் கதிர் ஆராய்ச்சியில ராகு காலம்!" எழுந்து நின்றார். "அந்த ஆளை முதல்ல நிறுத்துங்க."

"நிறுத்தினா வேற ஆள் வருவார் சார். அவருக்கு என்ன பழக்கம்னு நமக்குத் தெரியாது. இவர் பழக்கம் தெரியும். எவ்வளவு திருத்தணும்னும் தெரியும்."

"அன்னிக்குச் சரியாப் பத்தரைக்குத்தான் மாத்தினார்னு எப்படி நம்பறது? அவர் சொல்றாரா?"

"அவர் சொல்றதை நான் கணக்குல எடுக்கல சார். பள்ளத்தைப் பாருங்க. சூரியன் இந்தத் தாள்ல வெடிச்சிருக்கு, மறைஞ்சிருக்கு, மறுபடியும் உதிச்சிருக்கு. மூணும் ஒரே அளவு தள்ளியிருக்கு. பம்புசெட்டால சூரியனை நாலரைக்கு உதிக்க வைக்க முடியாது."

நான் கொண்டுபோயிருந்த கட்டிலிருந்து அவரே ஒரு சனிக்கிழமைத் தாளை உருவினார். நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு அளந்தார். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு புதன்கிழமை. புதனில் பள்ளம் ஆறில் இருந்தது. வெளியே வராந்தாவில் யாரோ மணியடித்தார்கள். கல்லூரி விட்டது. அவர் அளந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் பென்சிலால் வரைந்த மெல்லிய தாளை எடுத்து, செஞ்சித் தாளின்மேல் போட்டு, ஒன்றரை மணி நேரம் நகர்த்தினார். மேட்டின்மேல் மேடு உட்கார்ந்தது. ஏறும் பக்கம் கோட்டோடு கோடு. இறங்கும் பக்கம் எங்கள் கோடு சற்றுப் பின்தங்கியது. அப்படித்தான் இருக்கவேண்டும், எக்ஸ் கதிர் அடங்கிய பிறகும் வானத்துப் படலம் கலையக் கொஞ்சம் நேரமாகும்.

"இதைக் கட்டுரையில எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டார். "ராகு காலம்னு எழுதினா, வெளிநாட்டுல இருக்கறவன் அது எந்தக் கிரகம்னு கேப்பான்."

"வாரம் ஒருமுறை தாள் மாற்றும்போது நேர்ந்த மாறாத தாமதம்னு எழுதறேன் சார். அளந்த விதத்தை முழுசா எழுதிடறேன்."

அப்போதுதான் அவர் சிரித்தார். உடனே நிறுத்தியும்விட்டார்.

"நேரத்துல சில நிமிஷம் சந்தேகம் இருக்குன்னும் எழுதணும். சனிக்கிழமையில விழுந்த சின்னச் சின்ன மேடெல்லாம் எடுத்துடணும். அதையெல்லாம் சேர்க்க நான் ஒத்துக்க மாட்டேன்."

சின்ன மேடுகளில் நான் ஆசையாகக் குறித்து வைத்தவை சில இருந்தன. வாதாடலாமா என்று யோசித்தேன். அவர் சொன்னது சரி. எடுத்துவிட்டேன்.

நேரம் குறித்தல்

திரும்பி வந்ததும் முருகேசனை உட்காரவைத்து, உருளை ஏன் ஓடுகிறது, ஒவ்வொரு கோடும் எந்த மணி என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். வேலை போகவில்லை என்ற செய்தியை முதலில் சொல்லிவிட்டேன்; அதனால் கவனமாகக் கேட்டார்.

"இனிமே தினமும் காலை ஏழு மணிக்குத் தாள் மாத்தலாமா? ராகு காலம் எந்தக் கிழமையும் குறுக்கே வராது."

விரல்விட்டு எண்ணினார். "வியாழக்கெழம ஏழு மணி எமகண்டம்மா."

"நீங்க எமகண்டமும் பார்ப்பீங்களா?"

"இதுவரைக்கும் பாக்கல. இப்ப தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சப்புறம் எப்புடிப் பாக்காம இருக்கறது?"

காலண்டரை எடுத்துவந்து நடுவில் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வேளையாக அடித்துக்கொண்டே வந்தோம். பகலில் எந்த மணியை எடுத்தாலும் ஏதாவது ஒரு கிழமை உதைத்தது. மாலை ஆறுக்குமேல்தான் ஏழு நாளும் சுத்தமாக இருந்தது.

"ஆறரை" என்றேன்.

"வெளக்கு வச்ச நேரம். நல்ல நேரம்மா" என்றார்.

எனக்கும் அது நல்ல நேரம்தான். மாலை ஆறரைக்கு மாற்றினால், ஒரு நாளின் பகல் முழுவதும் ஒரே தாளில் விழும். உதயமும் அஸ்தமனமும் அதிலேயே இருக்கும். தாளின் நேரத்தைத் தாளே சோதித்துக்கொள்ளும். முதல் நாளே நான் இதை யோசித்திருக்கலாம். பேராசிரியரும் யோசித்திருக்கலாம். வேறு வேலைகள் இருந்தன, யோசிக்கவில்லை. புதிய தாள்களில் மணிக்கோடு ஆறரையில் தொடங்கும்படி அச்சகத்துக்கு எழுதினேன்.

இப்போதைய நிலை

கட்டுரை அச்சாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை வெடிப்பு அதில் இருக்கிறது. செஞ்சியின் பெயரும் இருக்கிறது. சிறிய மேடுகளில் எவை சூரியன், எவை பம்புசெட்டு என்பது இன்னும் தீரவில்லை. அவற்றைப் பிரிக்க ஒரு வழி முயன்றுகொண்டிருக்கிறேன். அது பலிக்குமா என்று சொல்ல முடியாது. டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். நிலையத்துக்கு அடுத்த மழைக்காலம் வரை அனுமதி கிடைத்திருக்கிறது. தாள் தினமும் மாலை ஆறரைக்கு மாற்றப்படுகிறது. சனிக்கிழமைகளில் முருகேசன் மாற்றுகிறார்.